நான்காவது கேள்வி

அந்தப் புதன்கிழமை மாலை, வீடில்லாதவர்கள் இரவு படுக்கும் எங்கள் வெரிபீ மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும்.

ரொன். எழுபது வயது. நாலு வருடம் காரில் படுத்தவர். அந்தக் குளிர்காலம் காரும் போய்விட்டது.

சீமெந்து வேலை செய்த இரண்டு சகோதரர்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

டெபி. பெண்களுக்குக் கட்டின திரைக்கு அந்தப் பக்கம் படுப்பவர். சப்பாத்தைக் கழற்றவே மாட்டார்.

டெபியோடு ஒட்டிக்கொண்டு திரிந்த ஓர் இளம்பெண். பெயர் சொன்னதில்லை.

கால் வீங்கின லொறிச் சாரதி ஒருவர்.

சூடான்காரர் ஒருவர். காதில் எப்போதும் பாட்டு.

தாடிக்காரர் ஒருவர். தனக்குள் பேசுவார். யாருக்கும் தொந்தரவில்லை.

வியட்நாம்காரர் ஒருவர். சொல்லாமலே கோப்பை கழுவித் தருவார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர். கையில் பிளாஸ்டிக் பட்டி கழற்றப்படவில்லை.

தான் ஹோட்டலில் சமைத்தவன் என்று சொல்லி என் பருப்பில் குறை பிடிக்கும் மெலிந்த மனிதர் ஒருவர்.

பன்னிரண்டாவது ஆள் சாம். அது அவர் தந்த பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். அன்றுதான் முதல் தடவை எங்கள் மண்டபத்துக்கு வந்தார்.

வேலைக்கு நின்றது நானும் ரேவதியும். ரேவதி பக்கத்து ஊரான பொயிண்ட் குக்கில் இருக்கிறவர், தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்பியூட்டர் வேலை. இரவு விழித்திருக்க தேவாலயத்துக்காரர் இருவர் பிறகு வந்தார்கள். பொறுப்பாளர் அம்மா கதவு திறக்கும்போது நின்றார். ஆறரைக்கு அடுத்த நாள் மண்டபத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

உங்களில் பலர் இந்தக் குளிர்காலம்தான் தொண்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். தமிழ் ஆட்கள் ஆறு பேர் என்று பொறுப்பாளர் சொன்னார். அதனால்தான் தமிழில் எழுதச் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரயில் பெட்டி கழுவும் வேலையில் பத்தொன்பது வருடம். அதன் பிறகு இந்த மண்டபத்துக் குசினியில் ஒன்பது குளிர்காலம். கட்டில் விரிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தந்த தாளில் இருக்கிறது. அதை வாசியுங்கள். தாளில் இருந்தும் நான் மீறிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

குளிர்காலம் முழுக்க ஏழு மண்டபங்கள் மாறி மாறித் திறக்கும், நாளுக்கு ஒன்று. புதன் எங்களுடையது. ஆறு மணிக்குக் கதவு. ஏழு மணிக்குச் சாப்பாடு. காலை ஏழரைக்கு எல்லோரும் வெளியே. சாப்பாட்டுக்கு முதல் நான் தட்டு எண்ணி, அந்த எண்ணைப் பொறுப்பாளரின் போனுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த மண்டபத்தில் எத்தனை கட்டில் என்று அவர் அதை வைத்துத்தான் சொல்வார். முதல் கிழமை நான் யார் வந்தார், யார் வரவில்லை என்று நீளமாக எழுதினேன். "எண் மட்டும் போதும். கதை வேண்டாம்" என்று பதில் வந்தது. பிறகு ஒன்பது வருடம் எண் மட்டும்தான் அனுப்பினேன்.

பொறுப்பாளர் வெள்ளைக்காரப் பெண். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் ரொனும் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். என் முதல் குளிர்காலத்தில் படுத்திருந்த ஒருவரைத் தோளில் தட்டி எழுப்பினேன். தேத்தண்ணி ஆறுகிறதே என்று. அவர் எழும்பும்போதே கை ஓங்கிக்கொண்டு எழும்பினார். என் உதடு கிழிந்தது. பிறகு அவர் அழுதார். பொறுப்பாளர் என்னைக் குசினிக்குள் இருத்தி பஞ்சு வைத்துக்கொண்டு சொன்னார்: "கால் பக்கம் நின்று கூப்பிடு. தொடாதே. அவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அன்றுதான் மூன்று கேள்வியையும் சொல்லித் தந்தார். தேத்தண்ணியா கோப்பியா? பிரிட்ஜில் வைக்க மருந்து இருக்கிறதா? இன்னொரு போர்வை வேணுமா? இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் கேட்கக்கூடாது. பெயரைக்கூட அவர்களாகச் சொன்னால்தான்.

வெள்ளைக்காரருக்கு இது சுலபம். அவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படி இல்லை. ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் எங்களுக்கு வாய் தானாகத் திறக்கும். ஊரில் எவடம், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன். மூன்றாவது கேள்வி முடிய முதல் சொந்தம் கண்டுபிடித்துவிடுவோம். அது கெட்ட பழக்கம் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அப்படிக் கேட்டவர்களால்தான் எனக்கு வேலையும் அறையும் கிடைத்தது. ஆனால் இந்த மண்டபத்துக்குள் அது ஆளைக் கொல்லும்.

சாம் வரும்போது ஒரு நீலப்பை தந்தார். இன்சுலின். பிரிட்ஜில் வைத்தேன். கையெழுத்துத் தாளில் அவர் பெயருக்கு ஒரு வரி போட்டேன். யாராவது பையைக் கேட்டு வாங்கினால் நேரம் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். அது என் பொறுப்பு.

அன்று சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. சாம் கடைசியாக வந்தார். முள்ளுக்கரண்டி எடுக்கவில்லை. கை கழுவி ஈரத்தோடு வந்து நின்றார். நான் முகத்தைப் பார்த்தேன். அந்த நெற்றியை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று பட்டது.

"தமிழோ?"

தலையை ஆட்டினார்.

"ஊரில எவடம்?"

"சின்னனிலயே வந்திட்டன், அங்கிள்."

"அப்பா அம்மா எவடம்?"

மெதுவாகச் சொன்னார். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. கோயில் குசினியில் வெள்ளிக்கிழமைகளில் அன்னதானச் சமையல் நான்தான். மரக்கறி வாங்கி வருபவர் ஒரு அண்ணை. மரக்கறி அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதே ஊர். அதே நெற்றி.

"நீர் எங்கட மரக்கறி அண்ணையின்ர மகனெல்லோ? பேர்த்தில பெரிய வேலை எண்டு அண்ணை சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். எப்ப வந்தனீர்?"

சந்தோஷமாகத்தான் கேட்டேன். அதையும் எழுத வேண்டும்.

அவர் தட்டை மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். "ஆள் மாறிச் சொல்லுறியள், அங்கிள்" என்றார். போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

நான் அந்தத் தட்டுக்கு மேல் இன்னொரு தட்டை மூடி வைத்தேன். பிறகு பசிக்கும், வருவார் என்று நினைத்தேன். ரேவதியிடம் "எங்கட ஆளொண்டு வந்திருக்கு" என்று சொன்னேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகும்போது தாளைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் மருந்து எடுத்திருந்தார்கள். சாமின் வரியில் கையெழுத்து இல்லை. பார்த்தேன். இரவுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் போய் எழுப்புவார்கள், அவர் இன்னும் கோபப்படுவார் என்று நினைத்தேன். என் வெட்கத்தை மறைக்கத்தான் நினைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

காலை ஆறு மணிக்கு வந்து பாண் வாட்டினேன். தட்டு எண்ணினேன். பதினொன்று.

"சாம் எங்க?" என்று கேட்டேன்.

ஐந்தரைக்கு சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போனார் என்றார் இரவுக்காரர். ரொன் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அவனோ? நேற்று வாசல்ல அவனிட்ட ஒரு சிகரெட் கேட்டனான். பிடிக்கிறதில்லை எண்டான். பொய் சொல்லுற மூஞ்சியில்லை அது."

வெளியே போய்ப் பார்த்தேன். மழை. நாலு டிகிரி. ஒருவரும் இல்லை.

பிரிட்ஜைத் திறந்தேன். நீலப்பை இருந்தது.

பையைக் கையில் எடுத்தேன், குளிர்ந்திருந்தது, திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தேன்.

பொறுப்பாளருக்குப் போன் அடித்தேன். பதினைந்து நிமிடத்தில் வந்தார். தாளைப் பார்த்தார்.

"நேற்று இரவு எடுக்கவில்லை."

"இல்லை."

"அப்படியென்றால் கடைசி ஊசி நேற்றுக் காலை. அதுவும் எடுத்திருந்தால்." மணியைப் பார்த்தார். "இந்த நீரிழிவு வருத்தத்துக்கு ஊசி இல்லாமல் ஒரு நாள் பொறுக்கும். சில பேருக்கு அதுவும் பொறுக்காது. முதலில் தாகம், பிறகு சத்தி, வயிற்றில் ஒன்றும் நிற்காது, பிறகு நித்திரை மாதிரி வரும். பார்க்கிறவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்துக் கடந்து போவார்கள்."

பொலிசுக்குப் போன் எடுத்தார். உயரம், நிறம், உடுப்பு எல்லாம் சொன்னார். அவர்கள் முழுப்பெயர் கேட்டார்கள். நெருங்கின உறவு யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எப்படி என்றார். நேற்றுக் கேட்ட எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ரேவதி அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றார். போனைக் கையில் வைத்திருந்தார்.

"அங்கிள், நம்ம வெஸ்ட் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல நானூறு பேர் இருக்காங்க. அடையாளம் சொல்லிப் போட்டா பத்து நிமிஷத்துல யாராவது பாத்துச் சொல்லிடுவாங்க. டைப் பண்ணிட்டேன். அனுப்பட்டுமா?"

அது உண்மை. வெரிபீயிலிருந்து பொயிண்ட் குக் வரைக்கும் எங்கள் கண் இல்லாத சந்தி இல்லை. தொலைந்த பூனையை அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்த குரூப் அது. ஆனால் பதினோராவது நிமிடம் அது தகப்பனின் போனில் இருக்கும்.

"அனுப்பாதேங்கோ" என்றேன்.

"செத்துட்டார்னா?"

நான் நீலப்பையைத் திரும்பப் பிரிட்ஜில் வைத்தேன்.

"அங்கிள், நான் கேக்கிறது வேற ஒண்ணும் இல்ல. மானம் பெருசா உயிர் பெருசா?"

"பிள்ளை, அவர் குளிருக்குப் பயந்து ஓடேல்ல. எங்களுக்குப் பயந்துதான் ஓடினவர். நானூறு பேர் தேடினா இன்னும் தூர ஓடுவார். ஓடுற நிலைமையில இல்லை."

பொறுப்பாளருக்கு நாங்கள் பேசியதை ரேவதி சொன்னார். தகப்பன் பெயரைக் கொடுத்தால் பொலிஸ் முதலில் போய்த் தட்டுவது தகப்பனின் கதவைத்தான், சாம் போகவே மாட்டாத ஓரிடம் அது என்றார் பொறுப்பாளர்.

"பன்னிரண்டு மணி. அதுவரைக்கும் நாங்கள் தேடுவோம். பன்னிரண்டு அடித்தால் நீ தகப்பன் பெயரைத் தருவாய், நான் பொலிசுக்குக் கொடுப்பேன், ரேவதி அனுப்புவாள். அதற்குப் பிறகு அவர் எங்களை வெறுக்கட்டும். உயிரோடு வெறுக்கட்டும்."

அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நானும் தலையாட்டினேன். ஆகவே என் முடிவும்தான்.

பொறுப்பாளரும் ரேவதியும் ஒரு காரில் போனார்கள். என் காரில் ரொன் ஏறினார். நான் கூப்பிடவில்லை. அவராகவே முன் கதவைத் திறந்து ஏறினார்.

"செஃப், உன்ர கார் முழுக்கக் கறி மணம். இதுக்குள்ள படுத்தா மனிசன் பசியில செத்துப்போவான்."

"எங்க போக?"

"உனக்கு ரோட்டுத்தான் தெரியும். படுக்க இடமில்லாதவன் நடக்கிற பாதை தெரியாது. கக்கூஸ், தண்ணி, மழைக்கு ஒரு கூரை, ஆக்கள் பாக்காத மூலை. இந்த நாலும் சேந்த இடம் வெரிபீயில எட்டோ ஒன்பதோ. ஓட்டு."

நீலப்பையை ஐஸ் கட்டியோடு ஒரு பெட்டியில் போட்டு மடியில் வைத்திருந்தார் ரொன். எட்டு மணிக்குத் தொடங்கினோம்.

முதல் இடம் ரயில் நிலையம். ரொன் கழிவறைக்குள் போனார். நான் மேடையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு கதிரையாகப் பார்த்தேன். பின்னால் ஒரு குரல்.

"அங்கிள், ஆரைத் தேடுறியள்?"

கோயிலுக்கு வரும் பெண் ஒருவர். வேலைக்குப் போகிறவர்.

"கார்த் திறப்பைத் துலைச்சிட்டன், பிள்ளை."

"ஐயோ, எவடத்தில?" பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். கதிரைக்குக் கீழே, குப்பைத் தொட்டிக்குப் பின்னால். நல்ல பிள்ளை. தன் ரயிலை விட்டுவிட்டுத் தேடினார். திறப்பு, ரேவதி சொல்லும் சாவி, என் காற்சட்டைப் பையில் இருந்தது. அது சத்தம் போடாமல் இருக்க நான் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். சாம் அந்த நேரம் கழிவறையிலிருந்து வெளியே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் வரவில்லை. ரொன் தனியே வந்து தலையை ஆட்டினார். "கிடைச்சிட்டுது" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

சாம் எதற்குப் பயந்து ஓடினார் என்று அந்த மேடையில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்தப் பிள்ளை அன்பாகத்தான் கேட்டது. நானும் அன்பாகத்தான் கேட்டேன்.

கடைத்தொகுதி. இல்லை. நூலகம். இல்லை. விளையாட்டுத் திடல், உடுப்பு மாற்றும் அறை பூட்டியிருந்தது. ரொன் அதன் பின்பக்கம் போய் ஜன்னலால் பார்த்தார். இல்லை. பொறுப்பாளர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்: "தண்ணீர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். அவரால் தண்ணீரை விட்டுத் தூரமாகப் போக முடியாது."

பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. மரக்கறி அண்ணை.

ஒவ்வொரு வியாழனும் பத்தரைக்கு அவர் எடுப்பார். வெள்ளிக்கிழமைக்கு என்ன வாங்க என்று கேட்க. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார். காரை ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"தம்பி, கத்தரிக்காய் நல்லாக் கிடக்கு. பத்துக் கிலோ போதுமோ?"

"போதும் அண்ணை."

"பூசணி?"

"ஒண்டு."

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன், மூக்கடைப்பு."

"குளிர் பொல்லாத குளிரப்பா. இவன் மகன் நேற்று மெசேஜ் போட்டவன். பேர்த்தில நல்ல வெயிலாம். எங்களையும் அங்க வரட்டாம்." சிரித்தார். "இந்த வயசில எங்க போறது, சொல்லும்?"

ரொன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். அண்ணை, உங்கட மகன் இங்க. சொன்னால் என் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். இறங்குவது என் பாரம்தான். பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அதற்குள் அவர் எங்காவது கண்ணை மூடிவிட்டால், இந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு நான் இந்த மனிதனுக்கு என்ன பதில் சொல்வேன்?

"தக்காளியும் கொஞ்சம் வாங்குங்கோ அண்ணை" என்றேன்.

போனை வைத்த பிறகு கதவைத் திறந்து ரோட்டோரத்தில் சத்தி எடுத்தேன்.

"அது அவன்ர தகப்பனோ?" என்று ரொன் கேட்டார்.

"ஓம்."

மடியிலிருந்த பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் குவீன்ஸ்லாந்தில எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்" என்றார். "ஆற்றங்கரைக்கு ஓட்டு. பாலத்துக்குக் கீழ ஒரு கக்கூஸ் இருக்கு. வெளியால ஒரு பைப். கடைசிக்கு வைச்சிருந்தன், அங்க தூரம். நடக்க ஏலாதவன் போகமாட்டான் எண்டு நினைச்சன். வெட்கப்பட்டவன் போவான்."

பதினொன்று இருபத்தைந்துக்கு அங்கே போனோம். மழை கூடிவிட்டது. ஐம்பது மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தச் சொன்னார் ரொன். கதவைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்தார்.

"நீ இரு. உன்னைக் கண்டுதான் ஓடினவன். ஆறு பக்கத்தில கிடக்கு."

அவர் பெட்டியை வைத்துவிட்டு இறங்கினார். எழுபது வயது, ஒரு கால் சாய்த்து நடப்பவர். நனைந்துகொண்டு போனார். கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தார். வைப்பர் போய்ப் போய் வந்தது. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நூற்றி நாற்பது வரைக்கும் எண்ணினேன்.

ரொன் மூலையில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். உயிரா, இல்லையா? அந்தக் கையில் தெரியவில்லை. போன் அடித்தது.

"அம்புலன்ஸ் கூப்பிடு. மூச்சு வாங்குது, பெரிய மூச்சு. சத்தி எடுத்திருக்கிறான். பேர் கேட்டா சொல்லுறான். பைப்புக்குக் கீழதான் இருக்கிறான்."

கூப்பிட்டேன். பொறுப்பாளருக்கும் சொன்னேன். அம்புலன்சுக்கு முந்தி அவர் வந்துவிட்டார். தன் மேல்கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினார். அறுபது வயதுப் பெண் ஓடியதை அன்றுதான் கண்டேன். ரேவதி காரிலேயே இருந்தார். அவரும் தமிழ் முகம்தான் என்று அவருக்கு விளங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காட்டினார். எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டார்.

ரொன் பெட்டியை எடுக்க வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"உயிர் இருக்கு. என்னைக் கண்டு முதல் கேட்டது என்ன தெரியுமோ? அந்த ஆளும் வந்திருக்கிறாரோ எண்டு."

"என்ன சொன்னனீர்?"

"இல்லை எண்டன். இப்ப தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்தாலதான் வருவினம். குனி, செஃப்."

குனிந்தேன். அறுபத்தெட்டு வயதில் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். சக்கரங்கள் கல்லில் உருளும் சத்தம் கேட்டது. அம்புலன்ஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கோயில் குசினியில் அண்ணையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டினோம்.

"துண்டு பெரிசாப் போகுது உமக்கு."

"குளிர், அண்ணை."

"இவன் இண்டைக்கு ஒரு மெசேஜும் போடேல்ல. வேலை கூடவாக்கும்."

"வேலை கூடவாக்கும்" என்றேன்.

எனக்குத் தெரிந்த பயத்திலேயே பெரிய பயம் ஆற்றங்கரையில் இல்லை. அந்தக் கத்தரிக்காய்ப் பாத்திரத்துக்கு முன்னால் இருந்தது. அந்த நேரம் சாம் தப்புவாரா என்று பொறுப்பாளருக்கே தெரியாது. மூன்றாம் நாள்தான் பிழைத்துவிட்டார் என்று சொன்னார்கள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வந்த புதன்கிழமை நான் தட்டு எண்ணினேன். பதினொன்று. அடுத்த புதனும் பதினொன்று. வேறு ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளர் போன் எடுத்தார். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"சாம் ஆறு நாள் மற்ற மண்டபங்களில் படுக்கிறார். மருந்து ஒழுங்காக எடுக்கிறார். புதன் மட்டும் வெளியே."

"வெளியே எங்கே?"

"பாலத்துக்குக் கீழே."

நான் சொல்ல வேண்டியதை அவர் கேட்கவில்லை. அவருக்கும் மூன்று கேள்விதான்.

"இந்தப் புதன் நான் வரமாட்டேன்" என்றேன். "இனி வரமாட்டேன் என்று அவருக்குச் சொல்லுங்கள்."

"உன் குசினி அது. ஒன்பது வருடம்."

"கட்டில் பன்னிரண்டு இருக்கிறது" என்றேன்.

முழங்கால் வலி என்று சொல்லித்தான் நிறுத்தினேன். உங்களில் சிலர் முழங்கால் எப்படி என்று இன்றைக்கும் விசாரிக்கிறீர்கள். முழங்கால் நல்லாத்தான் இருக்கிறது.

இதை எழுத முதல் பொறுப்பாளர் மூலம் சாமிடம் கேட்டேன். எழுதலாம், ஆனால் அடையாளத்தை மாற்ற வேண்டும் என்றார். மாற்றியிருக்கிறேன். தகப்பனுக்கு இப்போது தெரியும். மகனே போய்ச் சொன்னாராம். எப்போது, எப்படி என்று அண்ணையிடம் நான் கேட்கவில்லை. அவராகச் சொன்ன அளவு போதும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ரேவதி வீட்டுக்கு வந்தார். குசினித் திறப்பைக் கொடுத்தேன். பருப்புக்கு உப்பு எவ்வளவு என்று சொன்னேன். மருந்துத் தாளில் ஒரு வரி வெறுமையாக இருந்தால் வீட்டுக்குப் போகக்கூடாது, அந்த ஆளின் கால் பக்கம் நின்று மெதுவாகச் சொல்ல வேண்டும், அல்லது இரவுக்காரரிடம் சொல்ல வேண்டும், வெட்கம் பார்க்கக்கூடாது என்று சொன்னேன்.

"அவர் வந்தா என்ன பேசறது, அங்கிள்?"

"தேத்தண்ணியா கோப்பியா எண்டு கேளுங்கோ."

"தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீசில."

புதன்கிழமை மழை. ஏழு மணிக்கு நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். எண்ணிவிட்டு எனக்கும் அனுப்பும்படி ரேவதியிடம் கேட்டிருந்தேன். ஏழு ஐந்து. ஏழு பத்து. பாலத்துக்குக் கீழே அந்தப் பைப் நினைவில் வந்தது. காரை எடுப்போமா என்று எழும்பி, திரும்ப இருந்தேன். ஏழு பதினேழுக்குப் போன் ஒளிர்ந்தது. எண் மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டு.